வீழ்ந்து பழகும் களம்

மனிதன் தரையை விட்டு எழும்பி, ஆகாயத்தில் ஒரு கணம் தன் தேகத்தைத் தானே சுழற்றி, மறுபடியும் காலூன்றி நிற்கும் வித்தையை நம் இலக்கியமும் கோயிற் சிற்பங்களும் நாடோடிக் கதைகளும் வியந்து வியந்து பேசியிருக்கின்றன. ஆனால் அந்த வித்தையைச் செய்தவர்கள் அதற்கு முன்பு எங்கே, எதன்மீது, எத்தனை தரம் விழுந்து பழகினார்கள் என்ற விஷயத்தைப் பொருட்படுத்தி எழுதியவர்கள் மிகச் சிலரே. பாய்ச்சலின் சரித்திரம் என்று நாம் படிப்பதெல்லாம் மேலே எழும்பிய பாதியின் சரித்திரம். கீழே விழுந்த பாதிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதன் ஒரு நுனி தருமபுரிச் சீமையின் கல் கிணறுகளில் இருக்கிறது. மறு நுனியைத் தேடிப் போனால் பனி மூடிய மலைச்சரிவுகளில் பலகை கட்டிப் பாயும் இளைஞர்களிடம் சென்று சேருகிறோம்.

தகடூர் என்று சங்கப் புலவர்கள் பாடிய, அதியமான் நெடுமான் அஞ்சி அரசு செலுத்திய இந்தப் பிரதேசம் ஆற்றுப் பாசனத்தால் கொழித்த பூமியன்று. காவிரி இதன் எல்லையோரமாக ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்துகொண்டு விழுந்து, மேட்டூரை நோக்கிப் போய்விடுகிறது. தென்பெண்ணையும் சின்னாறும் வாணியாறும் மழையை நம்பியவை. ஆகையால் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளைவித்த குடியானவன் கருங்கல்லை உடைத்து அகலமான கிணறுகளை வெட்டினான். அதன் விளிம்பிலே கல் நட்டு, கவலை பூட்டி, மாடுகளைச் சரிவில் ஓட்டிச் சால் சாலாக நீர் இறைத்தான். இந்தக் கிணறுகள் வயலுக்குத் தண்ணீர் கொடுத்ததைக் கணக்கில் எழுதியவர்கள் உண்டு. ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை பாய்ச்சல் பள்ளிக்கூடமாக இருந்ததை எழுதியவர் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஏட்டில் எழுதாத ஒரு பாடத்திட்டம் இருந்தது. முதலில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, மாமனோ அண்ணனோ பார்த்திருக்க, படிக்கட்டை ஒட்டி மிதக்கப் பழக வேண்டும். பிறகு குடுக்கையை அவிழ்த்துவிட்டு நடுக் கிணற்றைக் கடக்க வேண்டும். அப்புறந்தான் குதித்தல்: தாழ்ந்த படியிலிருந்து காலை நீட்டிக் குதிப்பது, மேட்டுப் படியிலிருந்து தலைகீழாகப் பாய்வது, கடைசியாகக் கவலைக்கல்லின் உச்சியிலே முதுகைத் தண்ணீருக்குக் காட்டி நின்று பின்புறமாகப் பல்டி அடிப்பது. ஒவ்வொரு படிக்கும் அதற்கு முந்திய படி அத்தியாவசியம் என்பதில் ஊர்ப் பெரியவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். தண்ணீர் கருணையுள்ள ஆசான்தான். எனினும் வயிறு படும்படி விழுந்தவனின் தோலைச் சிவக்கச் செய்து, அவன் எந்த இடத்தில் பிசகினான் என்பதை அக்கணமே தெரிவித்துவிடும். தை மாதம் கதிரடித்த பின் களத்தில் குவிந்த தாளின்மேல் பிள்ளைகள் குட்டிக்கரணம் போட்டுப் பழகியதும் இதே கல்வியின் ஒரு கிளையே.

இந்தப் பழக்கம் எவ்வளவு தொன்மையானது என்பதற்குப் புறநானூறே சாட்சியம் தருகிறது. அதன் 243-ஆம் பாட்டில், தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர் வாயிலாக, தண்டூன்றி நடக்கும் ஒரு முதியவர் தம் இளமையை நினைந்து இரங்குகிறார். மடுவை நோக்கித் தாழ்ந்த மருதங்கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் பிரமிக்கும்படி தண்ணீரிலே பாய்ந்து, அடியாழத்து மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த அந்தப் பருவம் எங்கே போயிற்று என்பதே அவருடைய ஏக்கம். ஒருவர் தம் வாழ்நாளையெல்லாம் திரும்பிப் பார்க்கும்போது, போரோ புகழோ நினைவுக்கு வராமல் ஒரு பாய்ச்சல் நினைவுக்கு வந்தது என்றால், அந்த வித்தைக்கு நம் முன்னோர் வாழ்வில் இருந்த ஸ்தானத்தை ஊகித்துக்கொள்ளலாம். நற்றிணையின் 95-ஆம் பாட்டிலோ இன்னும் நுட்பமான காட்சி ஒன்று இருக்கிறது. ஆடுமகள் நடந்து முடித்த முறுக்குண்ட கயிற்றிலே ஒரு குரங்குக் குட்டி தொங்கி ஆட, அதைப் பார்த்த குறவர் சிறுவர் மூங்கில் வளர்ந்த பெரும்பாறையில் ஏறி, விசையோடு எழும்பித் தாளம் கொட்டுகிறார்கள். தொழிற்கலைஞர் செய்ததைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொண்டு பழகும் அந்த நிகழ்ச்சியைக் கோட்டம்பலவனார் கண்ணால் கண்டே பாடியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆடுமகளின் வழிவந்த தொழில்தான் பிற்காலத்தில் கழைக்கூத்து என்று வழங்கியது. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் தெலுங்கு பேசும் தொம்பர் குலத்தார் இதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டு, சந்தைக்குச் சந்தை, திருவிழாவுக்குத் திருவிழா, மூங்கிலும் கயிறும் பறையும் சுமந்து அலைந்தார்கள். 1909-இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய தம் பெருந்தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் அவர்களுடைய கரண வித்தைகளைக் குறித்துவைத்திருக்கிறார். இங்கே நான் நெஞ்சு கனத்துச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிணற்றில் பாய்ந்த குடியானவர் வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் இருந்தது. களத்தில் கரணம் போட்டவனுக்குத் தாள் இருந்தது. கழைக்கூத்தாடியின் மகளுக்குக் கீழே இருந்ததோ சந்தைத் திடலின் கட்டாந்தரை மாத்திரமே. விழுந்தால் தாங்குவதற்குத் தகப்பனின் இரு கைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. நாடோடியாகத் திரிந்தவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த அந்நிய ஆட்சி, 1871-இல் குற்றப்பரம்பரைச் சட்டத்தை இயற்றி, 1911-இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் விஸ்தரித்த காலத்தில், ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த இத்தகைய மக்களின் வாழ்வு மேலும் நெருக்கடிக்குள்ளாயிற்று. வித்தை அழியவில்லை, ஆனால் அது ஒருபோதும் பள்ளிக்கூடமாக வளரவும் இல்லை. பசிக்காகச் செய்யும் பாய்ச்சலில் தவறிப் பார்க்க இடமில்லை. தவறிப் பார்க்காதவனால் புதிய பாய்ச்சல் ஒன்றைக் கற்பித்துக்கொள்ளவும் முடியாது.

ஒரு வித்தைக்காக இன்னொரு சாதனத்தில் பழகுவது என்ற கருத்து நம் தேசத்துக்குப் புதிதன்று. மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசத்தில், மல்லர்கள் தூணைக் கொண்டு தேகப்பயிற்சி செய்த செய்தி வருகிறது. எதிராளியின் தேகத்துக்குப் பதிலாக எண்ணெய் தடவிய வழுவழுப்பான மரக்கம்பம். அதைப் பற்றி ஏறி, கால்களால் கவ்வி, தலைகீழாகத் திரும்பிப் பழகியவனுக்கு மற்போர்க் கோதாவில் பிடியும் வளைவும் எளிதாகிவிடும். கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவின் ஆசானாகிய பாலம்பட்ட தாதா தேவதர் இந்த மல்லர்கம்பத்துக்குப் புத்துயிர் அளித்தார். காலப்போக்கில் துணைச் சாதனமே தனிக் கலையாக வளர்ந்து, மற்போரை மறந்தவர்களும் கம்பத்தை மறக்காத நிலை உண்டாயிற்று. 

விழுபவரைத் தாங்கும் வலை என்னும் சாதனம் நம் பக்கத்துக்கு வந்தது சர்க்கஸின் மூலமாக. விஷ்ணுபந்த் சத்திரே என்னும் மராட்டியர் 1880-இல் முதல் இந்திய சர்க்கஸைத் தொடங்கி, பிரயாணத்தில் தலைச்சேரிக்கு வந்தபோது, அவ்வூர்க் களரி ஆசானாகிய கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தார். அதன் பயனாகக் குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் தலைச்சேரியை அடுத்த சிறக்கரையில் ஒரு சர்க்கஸ் பள்ளியை ஸ்தாபித்தார். தெருவில் மட்டுமே உயிர்வாழ்ந்த வித்தைக்கு ஆசிரியர், நேரம், மாணாக்கர், பழகும் இடம் என்ற அங்கங்களெல்லாம் ஒருங்கே வாய்த்தது அங்கேதான். அம்மண்ணில் பிறந்த கண்ணன் பொம்பாயோ, எம்பித் தள்ளும் கயிற்றின்மீது நின்று ஆகாயத்தில் கரணமிட்டு மறுபடியும் அதே கயிற்றில் இறங்கும் வித்தையால் 1930-களில் மேல்நாட்டு சர்க்கஸ்களில் பெரும் கீர்த்தி பெற்றார்.

ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவின் ஐயோவா ராஜ்யத்தில், ஜார்ஜ் நிஸ்ஸன் என்ற இளைஞர் சர்க்கஸ் பார்க்கப் போனார். ஆகாயத்து ஊசலில் ஆடியவர்கள் ஆட்டம் முடிந்தவுடன் கீழே விரித்திருந்த வலையில் விழுவதையும், அந்த வலை அவர்களை மெல்ல உயர்த்தி எறிவதையும் ஜனங்கள் ஆட்டத்தின் முடிவாகக் கருதிக் கைதட்டினார்கள். நிஸ்ஸனுக்கோ அதுவே ஆரம்பமாகத் தோன்றியது. அந்த எழுச்சி நிற்காமல் தொடர்ந்தால் என்ன என்று அவர் யோசித்தார். 1934-இல் லாரி கிரிஸ்வால்டு என்ற சகாவுடன் சேர்ந்து, இரும்புச் சட்டத்திலே கித்தானை இழுத்துக் கட்டி, எம்பும் பாய் ஒன்றைச் செய்தார். அதற்கு டிராம்போலின் என்று பெயரிட்டு, 1940-களில் வியாபாரமாகவும் நடத்தினார். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க விமானிகளுக்கு ஆகாயத்தில் திசை தடுமாறாமல் இருக்கப் பயிற்சி தரும் சாதனமாக அது பயன்பட்டது. 1964-இல் லண்டனில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்ஸில் அது பதக்க விளையாட்டாயிற்று.

இந்தச் சாதனம் கற்பிப்பது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கால் தரையை விட்டு நீங்கிய பிறகு, மனிதன் எவ்வளவு முயன்றாலும் தன் தேகத்தின் சுழல் உந்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. கைகால்களைச் சுருக்கிச் சுழற்சியை விரைவாக்கலாம், நீட்டி மந்தமாக்கலாம், அவ்வளவே. ஆகவே பாய்ச்சலின் தலைவிதி ஆகாயத்தில் எழுதப்படுவதில்லை. கால் தரையைத் தள்ளும் அந்தக் கடைசி நொடிப்பொழுதில் தோளும் இடுப்பும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்பதில் எழுதப்படுகிறது. அடுத்தது பார்வை. சுழலும்போது கண் ஓரிடத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தவனுக்கே தரை எப்போது வரும் என்பது தெரியும். இவ்விரண்டையும் தேகம் தானாகச் செய்யும் அளவுக்குப் பழக நூற்றுக்கணக்கான முறை எழும்ப வேண்டியிருக்கிறது. பனிமலையில் பலகை கட்டிப் பாய்பவனோ ஒரு பாய்ச்சலுக்குப் பிறகு மறுபடியும் மலையேறி வர வேண்டும். குளிரில் தசை இறுகிவிடும். பிசகினால் உறைந்த பனி கல்லாகத் தாக்கும். கித்தானின் மேலோ ஒரு நிமிஷத்துக்குள் பல தரம் எழும்பி, ஒவ்வொரு எழுச்சியிலும் முந்தியதன் பிழையைத் திருத்திக்கொள்ளலாம்.

பனிநாட்டு மக்களுக்கும் எம்பும் பாய் அந்நியமான பொருளன்று. அலாஸ்காவின் இனூப்பியாட் மக்கள் திமிங்கில வேட்டை முடிந்த விழாவிலே, தோல்களை இணைத்துத் தைத்த பெரும் விரிப்பைச் சுற்றி நின்று பிடித்து, ஒருவரை அதன் நடுவிலிருந்து வானளாவத் தூக்கி எறியும் வழக்கம் இன்றும் உண்டு. நலுகட்டாக் என்று அவ்விழாவுக்குப் பெயர்.

ஸ்னோபோர்டு என்னும் ஒற்றைப் பனிப்பலகையின் வரலாறு இதைவிட மிகவும் பிந்தியது. 1965-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் தினத்தில், மிச்சிகனின் மஸ்கீகன் நகரத்தில், ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்களின் விளையாட்டுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்தார். அலையின்மீது நின்று செல்வதுபோல் பனியின்மீது நின்று செல்லும் பலகை பிறந்தது. 1970-களின் பிற்பகுதியில் ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டரும் டாம் சிம்ஸும் அதைத் திருத்தி வளர்த்தார்கள். 1998-இல் நாகானோ ஒலிம்பிக்ஸில் இடம்பெற்ற இந்த விளையாட்டின் ஃபிரீஸ்டைல் பிரிவில், பாதிக்குழாய் வடிவாகச் செதுக்கிய பனிச்சுவரின் விளிம்பிலிருந்து ஆகாயத்தில் எழும்பிச் சுழன்று இறங்குவதே முக்கியம். 2014-இலும் 2018-இலும் வேறு இரண்டு பாய்ச்சற் போட்டிகள் ஒலிம்பிக்ஸில் சேர்ந்தன. சுழற்சியின் எண்ணிக்கை ஏற ஏற, பனியிலேயே விழுந்து கற்பது உயிருக்கு ஆபத்தான காரியமாயிற்று. ஆகவே பனிப்பலகைக்காரர்கள் டிராம்போலினை நாடினார்கள். ஓரங்கள் கூர்மையற்ற, மெத்தென்ற பயிற்சிப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு கித்தானில் எழும்பிப் பழகி, பிறகு பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய பள்ளத்திலும் காற்றடைத்த பெருமெத்தையிலும் விழுந்து, அதற்குப் பின்பே பனிக்குச் செல்வது என்ற முறை நிலைபெற்றது. கொலராடோவில் 2009-இல் திறந்த உட்வர்டு காப்பர் என்னும் பயிற்சிக்கூடம் இந்த முறைக்கென்றே கட்டப்பட்டது. கவலைக்கல்லின் உச்சிக்கு ஏறுமுன் கீழ்ப்படிகளைக் கடந்தாக வேண்டும் என்ற நம் ஊர்க் கிணற்றின் கண்டிப்பு, இங்கே கித்தானாகவும் பஞ்சாகவும் அமைந்திருப்பதைக் காண்கிறேன்.

எனினும் கித்தானுக்குத் தெரியாத விஷயங்களும் பனியில் உள்ளன. டிராம்போலினில் நேர்மேலே எழும்பி, எழும்பிய இடத்திலேயே இறங்குகிறோம். பனிப்பலகையிலோ முன்னோக்கிய வேகத்தோடு, பலகையின் ஒரு விளிம்பில் சாய்ந்து எழும்பி, சரிவிலே இறங்க வேண்டும். கித்தான் இறங்குபவனை மறுபடி எறிந்துவிடுவதால், இறங்கும் வேகத்தை முழங்கால் மடக்கி வாங்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே வாராது. 2018-இல் பியோங்சாங் ஒலிம்பிக்ஸில், நான்கு முழுச் சுற்றுகள் கொண்ட பாய்ச்சலை அடுத்தடுத்து இரண்டு முறை செய்து தங்கம் வென்ற ஷான் ஒயிட்டே, அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு நியூசிலாந்தில் அத்தகைய ஒரு பாய்ச்சலைப் பழகும்போது பனிச்சுவரில் மோதி, முகத்தில் 62 தையல்கள் போட்டுக்கொண்டவர். கித்தானும் தன்னளவில் தீங்கற்றதன்று. கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த பிள்ளைகளைக் கண்டு, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1977-ஆம் ஆண்டிலேயே அதற்கு எதிராகக் குரல் எழுப்பியது. வீட்டுக் கொல்லையில் அதை வைத்து விளையாடவே வேண்டாம் என்பது இன்றளவும் அச்சங்கத்தின் கருத்து. பல பிள்ளைகள் ஒரே சமயத்தில் ஏறிக் குதிப்பதும், ஆசிரியர் இல்லாமல் கரணம் முயல்வதுமே அங்கே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். நம் நகரங்களில் இப்போது பெருகிவரும் குதிக்கும் விளையாட்டுக் கூடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதை அறிந்திருப்பது அவசியம்.

இந்தியாவிலும் பனிப்பலகை வந்துவிட்டது. காஷ்மீரத்துக் குல்மார்கில் 2020-இல் தொடங்கிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் அது ஒரு போட்டி. நம் மாநிலத்தில் பனியில்லை. ஆனால் பாய்ச்சலுக்குரிய தேகக் கல்வி விழுப்புரத்தில் மல்லர்கம்பமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு மாவட்டத்தின் ஆசான்கள் விடாமல் சொல்லிக்கொடுத்து, குடிசைப் பிள்ளைகளைத் தேசியப் போட்டிகளுக்கு அனுப்பிவைத்த அந்தப் பெருமுயற்சியை நான் உளமாரப் போற்றுகிறேன். 2024-இல் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் மல்லர்கம்பம் இடம்பெற்றது.

தருமபுரியில் நடந்ததோ எதிர்மாறானது. மின்சார மோட்டார் வந்தபோது கவலை நின்றது. ஆழ்துளைக் கிணறுகள் வந்தபோது நிலத்தடி நீர் கீழே கீழே இறங்கி, திறந்த கிணறுகள் வறண்டு, முட்செடி மண்டி, குப்பை கொட்டும் பள்ளங்களாயின. கதிரடிக்கும் இயந்திரம் வந்தபின் களமும் தாளும் சுருங்கின. பிள்ளைகள் விழுந்து பழகிய இடங்கள் ஒரே தலைமுறைக்குள் மறைந்துவிட்டன. இதைப் பற்றி ஒருவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. மிஞ்சியிருப்பது ஒகேனக்கல். அங்கே சுற்றுலாப் பயணிகள் தரும் காசுக்காகப் பாறை விளிம்பிலிருந்து காவிரியில் பாய்ந்து காட்டும் இளைஞர்களைப் பல ஆண்டுகளாக மக்கள் பார்த்து வருகிறார்கள். கழைக்கூத்தாடியின் நிலைமையே அவர்களுடைய நிலைமையும்: பழகுவதும் காட்டுவதும் ஒரே இடத்தில், ஒரே பாய்ச்சலில். வெள்ளம் வந்தால் ஆற்றில் இறங்கத் தடை. தடை நீங்கினால் மறுபடியும் அதே பாறை. எந்த விளிம்பின் கீழே எந்த மாதத்தில் எவ்வளவு ஆழம், நீரோட்டம் உடலை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மாவட்டத் தலைநகரில் ஆழமான நீச்சற்குளம் ஒன்றும், முறையான ஒரு டிராம்போலினும், அதைக் கற்பிக்கத் தேர்ச்சி பெற்ற ஓர் ஆசிரியரும் அமையும் நாளில், அந்த ஆசிரியருக்குத் துணையாக மாதச் சம்பளத்தில் முதலில் அமர்த்த வேண்டியவர்கள் ஒகேனக்கல் பாறைகளில் பாய்ந்து முதிர்ந்த அந்த மனிதர்களே.